பெரிய எழுத்து

“அந்த சர்வீஸ்காரருக்கு டிரைவர் போடவே தெரியல சார்” என்றாள் புதுப்பொண்ணு.

பாடப்புத்தகங்களுக்குப் படம் வரையும் ஆபீஸ் அது. வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவளுக்கு அங்கே வைத்த பெயர், புதுப்பொண்ணு.

மேனேஜர் தலையை நிமிர்த்தாமலே ஒத்துக்கொண்டார். நாலு மாசத்துக்கு முன்னால் எட்டு கம்ப்யூட்டருக்கும் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினார்களாம். சர்வீஸ்காரர் வந்து நாள் முழுக்கக் குடைந்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற லினக்ஸில் இந்தக் கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் இப்படித்தான் வேலை செய்யும், எழுத்து கொஞ்சம் பெரிசாகத்தான் தெரியும் என்று கையை விரித்துவிட்டாராம்.

கொஞ்சமா பெரிசு? மெனுவில் ஒவ்வொரு எழுத்தும் கடைப் பலகை மாதிரி இருந்தது. திரையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டால் படத்துக்கு இடம் ஏது? ஆட்டுக்குட்டிக்கு வால் வரையப் போனால் தலை காணாமல் போனது. மாசக் கடைசிக்குள் நாற்பது படம் முடித்தாக வேண்டும். அவள் பதினொன்றில் நின்றாள். முதல் மாசமே பேர் கெட்டுவிடும்.

அவளுக்கு ஆத்திரமே மற்றவர்கள் மேல்தான். முதல் மேஜைக்காரர் தினமும் சர்வீஸ்காரரை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவார். ஆறாவது மேஜை அதற்குத் தாளம் போடும். ஆனால் அந்த ஆள் நேரில் வந்தால் ஒருத்தர்கூட வாய் திறப்பதில்லை. மேனேஜர் டீ வேறு வரவழைக்கிறார்.

மூணாவது மேஜை அக்காவிடம் சொல்லிப் புலம்பினாள். இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். அக்கா சிரித்துக்கொண்டே, பழகிடும் விடும்மா என்று சொல்லிவிட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போன நேரம். புதுப்பொண்ணு சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பழைய ஆபீஸில் இந்த வேலையெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு கம்ப்யூட்டரும் இங்கே இருக்கிற ஒரே கோப்பைப் பார்த்துத்தான் டிரைவரை அமைத்துக்கொள்கின்றன. இதில் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும். பாஸ்வேர்டுக்கும் கஷ்டமில்லை, சர்வரின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது.

சர்வர் திரையிலும் அதே பெரிய எழுத்துதான். கோப்பைத் திறந்தவள் கொஞ்சம் அசந்துபோனாள். கார்டுக்கு ஏற்ற டிரைவர், திரைக்கு ஏற்ற அளவு, எல்லாம் கச்சிதம். தொழில் தெரிந்த கை. ஒரே ஒரு வரியில்தான் கோளாறு. எழுத்தளவு தொண்ணூற்றாறு இருக்க வேண்டிய இடத்தில் நூற்று அறுபத்தெட்டு.

வேண்டுமென்றே வைத்தது.

அந்த எண்ணை அழித்தாள். அப்போதுதான் அதற்குக் கீழே இருந்த வரிகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் முன்னாலும் # குறி. அந்தக் குறி போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. மனுஷங்க படிப்பதற்கான குறிப்பு.

# இது கோளாறு இல்லை, நான்தான் வெச்சேன். மூணாவது மேஜை அக்காவுக்குக் கண்ணு மங்கலா இருக்கு. மூக்கு திரையில இடிக்கிற மாதிரி குனிஞ்சு மெனுவைப் படிக்கிறாங்க. கேட்டா ஒண்ணுமில்லைன்னு பதறுறாங்க. வேலை போயிடும்னு பயம்போல. அவங்க மேஜையில மட்டும் பெரிசு பண்ணினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அதான் எட்டுலயும் பண்ணிட்டேன். திட்டு என்னோட போகட்டும். இப்படிக்கு, சர்வீஸ்.

புதுப்பொண்ணுக்குக் காது சூடானது. அடுத்த வரிக்கு இறங்கினாள்.

# சரிபண்ணத்தான் திறந்தேன். அப்படியே மூடிட்டேன். இப்படிக்கு, முதல் மேஜை.

# நானும். இப்படிக்கு, ஆறாவது மேஜை.

# வெளியில திட்டுறதை நிறுத்திடாதீங்க, அக்காவுக்குச் சந்தேகம் வந்துடும். அவங்க வேலை எங்கேயும் போகாது, அதுக்கு நான் பொறுப்பு. இப்படிக்கு, மேனேஜர்.

சாப்பாட்டு அறையிலிருந்து முதல் மேஜைக்காரரின் குரல் கேட்டது. இன்றைய பாட்டத்தை ஆரம்பித்திருந்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நூற்று அறுபத்தெட்டைப் பழையபடி போட்டாள். மிச்சமிருக்கிற இடத்தில் வரையத் தெரியாதா என்ன, ஆட்டுக்குட்டியைத் தலை தனி, வால் தனியாக வரைந்து ஒட்டினால் போச்சு. தன் பங்குக்கும் ஒரு வரி எழுதலாம் என்று கோப்பின் கடைசிக்கு இறங்கினாள்.

அங்கே நேற்றைய தேதியில் இன்னொரு குறிப்பு இருந்தது.

# எல்லாரும் கஷ்டப்படுறாங்களேன்னு போன வாரம் நானும் இதைச் சரிபண்ணத்தான் திறந்தேன். எழுத்து பெரிசா இருந்ததால முழுசா படிக்க முடிஞ்சது. அப்புறம்தான் டாக்டர்கிட்ட போகவே தைரியம் வந்தது. வர்ற புதன்கிழமை ஆபரேஷன். எனக்குத் தெரியும்கிறதை மட்டும், இதைப் படிக்கிறவங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாவம், எல்லாரும் எனக்காக எவ்வளவு மெனக்கெட்டுத் திட்டுறாங்க. இப்படிக்கு, மூணாவது மேஜை.