பச்சைத் தண்ணீர்

அம்மாவின் பழைய தோல்பெட்டி, படுக்கையும் அடுப்பும் குழாயும் வைத்த கேம்பர் வேனுக்குள் ஏறிவிட்டது. தலையணை ஏறிவிட்டது, அரிசி டப்பா ஏறிவிட்டது. ஏறாதது குழாய்த் தண்ணீரின் சூடு ஒன்றுதான்.

"இன்னும் பச்சைத் தண்ணிதான் வருதா?" என்று வாசலில் நின்றபடி மகன் கேட்டான். குரலில் கவலை, மனசுக்குள் குதூகலம்.

"நீ உன் காப்பியைக் குடி" என்றாள் அம்மா, உள்ளிருந்து.

மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த சண்டை. கண் பரிசோதகரான அவன் மனைவிக்கு வெளியூர் முகாம்களில் ஆறு மாத வேலை கிடைத்தது. "தேவையில்லை" என்று அவன் ஒரே சொல்லில் முடித்தான். அலுவலகத்தில் இருபத்திரண்டு பேருக்கு லீவு கொடுப்பதும் மறுப்பதும் அவன் வேலை. அந்தப் பேனாவை வீட்டுக்கு வந்தும் மூடுவதில்லை.

மனைவிக்காகப் பொங்கியது அம்மாதான். "அவ படிச்ச படிப்பை அடுப்புல போடவா?" என்றாள். "பிடிக்கலைன்னா உன் வழியைப் பார்த்துக்கம்மா" என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"பார்த்துக்கிறேன். வர்ற ஒண்ணாந்தேதி உங்கப்பா வாங்கின வண்டி கிளம்புது. எவன் மறிக்கிறான்னு பார்க்கிறேன்."

அம்மா முப்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேனை ஓட்டியவள், மருமகளுக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். அவள் ஓட்டிவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முழங்கால் வலிக்காரி, காலையில் வெந்நீர் இல்லாமல் இரண்டு நாள் தாங்கமாட்டாள். அதனால் ஒரு நிபந்தனை போட்டான்.

"ஹீட்டர் வேலை செஞ்சா வண்டி போகட்டும். சாவியை நானே கொடுக்கிறேன்."

"சொன்ன சொல் மாறமாட்டியே?"

"மாறமாட்டேன்."

சொல்லை மாற்றவில்லை. வால்வைத்தான் மாற்றினான். நேற்று மாலை மாமியாரும் மருமகளும் கடைக்குப் போயிருந்தபோது, படுக்கைக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றி, ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்த வால்வைக் கால் வட்டம் திருகினான். அப்படித் திருகினால் தண்ணீர் ஹீட்டரின் தொட்டிக்குள் நுழையாது. சுற்றிக்கொண்டு நேராகக் குழாய்க்கு ஓடிவிடும்.

இப்போது உள்ளே மருமகளின் குரல் கேட்டது. "கேஸ் இருக்கு அத்தை. அடுப்பு நீலமா எரியுது."

"பாட்டரி?"

"லைட்டெல்லாம் பளிச்சுனு எரியுது."

"அப்ப வெளிய போய் ஹீட்டர் மூடியைத் திற. நீயே பத்த வை."

அவள் இறங்கி வந்து வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். டிக் டிக் என்று பொறி தட்டியது. குப்பென்று தீ பிடித்தது.

"அவளை எதுக்கும்மா படுத்தறே? உன்னால குனிய முடியலைன்னா விட்டுடேன்" என்றான் மகன்.

"குனியத்தான் மருமக இருக்காளே!"

அரை மணி நேரம் போனது. குழாயைத் திறந்தால் அதே பச்சைத் தண்ணீர். "சூட்டைப் பார்க்கிற தெர்மோஸ்டாட் போயிடுச்சு போலிருக்கு" என்றாள் அம்மா. முதல் தடவையாகக் குரல் இறங்கியிருந்தது.

மகன் ஒரு படி முன்னால் வந்தான். "மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவான். பெட்டியை இறக்கிடட்டுமா?"

"அந்தப் பெட்டி மேல கை வச்சே, நடக்கிறதே வேற!"

மருமகள் இருவரையும் கவனிக்கவில்லை. தொட்டியின் மேல் கை வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "தெர்மோஸ்டாட் இல்ல அத்தை. அடுப்பு எரியுது, பானை சுடுது, தண்ணி மட்டும் சுடல. அப்போ தண்ணி பானைக்குள்ளயே போகல!"

விறுவிறுவென்று உள்ளே ஏறியவள் படுக்கையைத் தூக்கினாள். "பலகைத் திருகாணி ரெண்டும் புதுசாக் கீறியிருக்கே" என்று ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாக ஆகாயத்தில் எதையோ தேடினான்.

பலகை கழன்றது, வால்வு திரும்பியது. குழாய் இரண்டு தடவை தும்மியது. பிறகு ஆவி பறக்கக் கொட்டியது. "ஐயோ, சுடுது!" என்று கையை உதறிக்கொண்டே மருமகள் சிரித்தாள். மூன்று வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அம்மா வண்டி வாசலில் நின்று கையை நீட்டினாள். "சாவி."

"ரோடெல்லாம் குண்டும் குழியுமா இருக்கும்மா. உன் வயசுல…"

"என் வயசை நான் பார்த்துக்கிறேன். திருட்டு வேலை பண்ணின கையால சாவியை எடு."

அவன் முகம் செத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நிமிஷம் கழித்து, முழங்காலைப் பிடித்தபடி படிப்படியாக இறங்கி வந்தாள். கை வெறுமையாக இருந்தது. கதவை வெளியிலிருந்து சாத்தி, வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "மனசு மாறிட்டியாம்மா? அப்போ நீ போகலையா?"

"நான் எங்கேடா போறேன்? போறது உன் பொண்டாட்டி!"