பாதி வேர்

அவனுக்கு இடது முழங்கால் மடங்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பத்தடி பின்னால், சரிவில், பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேலே ஏறிப் போய் அவன் காலைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது. சொரசொரப்பாக இருந்தது.

கல்.

"எப்ப?" என்றாள்.

"குகையிலயே."

விடியற்காலையில் குகைக்குள் பூதம் மூச்சு விட்டபோது அவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். வேர் நசுங்கிவிடும் என்று அவள் எழுந்து திட்டினாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அரை நாள் நடந்து வந்திருந்தார்கள். அப்போதும் சொல்லவில்லை.

சென்ற பனிக்காலத்தில் அந்த மூச்சுதான் மலையிலிருந்து புகையாக இறங்கியது. மேற்குக்கோட்டையிலும் கிழக்குக்கோட்டையிலும் பாதிப் பேர் நின்ற இடத்தில் கல்லானார்கள். கிழக்கில் அவளுடைய தம்பி, ஆட்டுக்குட்டியைத் தூக்கிய கையோடு. மேற்கில் அவனுடைய மகள்.

"தினை காய வச்சுக்கிட்டு இருந்தா. குனிஞ்சபடியே நின்னுட்டா." வழியில் ஒரே ஒரு முறை சொன்னான்.

வேர் பூதத்தின் குகையில் மட்டுமே முளைக்கும். வருடத்துக்கு ஒன்று. அதைக் கிணற்றில் போட்டு, அந்த நீரை ஊற்றினால் கல் மறுபடி உடம்பாகும். வெட்டிய வேர் அன்று பொழுது சாயும்வரைதான் தாங்கும்.

ஒருவர் பூதத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் வெட்ட வேண்டும். இரண்டு கோட்டையும் தங்களிடம் இருந்ததிலேயே நல்ல ஆளை அனுப்பின.

மேய்ச்சல் நிலத்துக்காக ஏழு வருடம் ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தவர்கள். அவளுடைய இரண்டு விரல்கள் அவன் கோடரிக்குப் போயின. அவனுடைய ஒரு காது அவள் வாளுக்கு.

வேர் முற்றும்வரை மலையின் மறுபக்கத்தில் காத்திருந்தார்கள். முதல் சில நாட்கள் நெருப்புக்கு இருபுறமும் உறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் நாள் வெள்ளம் அவளை இழுத்தது. அவன் குதித்து, தலைமுடியைப் பற்றிக் கரையில் போட்டான். அன்று இருவரும் தூங்கினார்கள்.

அதன் பிறகுதான் அவள் அவனைக் காடா என்று கூப்பிட்டாள். அவன் அவளை எயினி என்றான்.

இப்போது அவள் அவன் கைக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள்.

அசையவில்லை. மலை கனம்.

கண்ணுக்கெட்டிய வரை சரிவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் வேரில் ஒரு துண்டு நறுக்கிப் போட்டு அவன் காலில் ஊற்றியிருப்பாள். கத்தியை எடுத்தவள் மறுபடி இடுப்பில் செருகினாள்.

கல் அவன் தொடையைத் தாண்டியது.

அவன் மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்தான். அவன் ஊருக்கான பாதி வேர். இன்னொரு பாதி அவளிடம்.

"ரெண்டையும் உங்க கிணத்துலயே போடு. ஏன் வீணாக்கணும்."

"உங்க ஆளுங்க?"

"அடுத்த வருசம் முளைக்கும்ல."

இருவருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பனிக்காலம் வரும். பனியில் கல் வெடிக்கும்.

அவள் முடிச்சை வாங்கிக்கொண்டாள்.

அவன் மார்பு சாம்பல் நிறமானது. மூச்சு சிறிதாகிக்கொண்டே வந்தது.

"பொழுது போகுது, எயினி. போ."

அவள் போகவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. கண்கள் கடைசியாக நின்றன. அவை கீழே பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தன.

பிறகு ஓடினாள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். இடப்பக்கம் கிழக்குக்கோட்டை. வலப்பக்கம் மேற்குக்கோட்டை. இரண்டும் ஒரே தூரம். பொழுது சாய்வதற்குள் ஒன்றுக்குத்தான் போக முடியும்.

இடப்பக்கம் அவள் ஊரின் புகை தெரிந்தது. யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தம்பியின் பெயரை ஒரு முறை சொன்னாள். சத்தமாக.

மேற்குக்கோட்டை வாசலில் மூன்று பேர் வேல்களை நீட்டினார்கள். நடுவில் நின்ற பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. சண்டைக்களத்தில் பார்த்த முகம்.

"நீயா. காடன் எங்க?"

அவள் வாளைக் கழற்றிக் கீழே போட்டாள். இரண்டு முடிச்சுகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"காடன்தான் குடுத்துவிட்டான். ரெண்டையும் உங்களுக்கே குடுக்கச் சொன்னான்."

வேல்கள் தாழவில்லை. மேற்கே வெயில் முகட்டைத் தொட்டிருந்தது.

"கிணறு எந்தப் பக்கம்?" என்றாள்.