பிரிக்காத பாக்கெட்

"டேய் ஒல்லி, சொன்னா கேளு. அதை மெஷினுக்குள்ள வைக்காதே. அட்டை பாழாயிடும்!"

தான் வேலை பார்க்கும் சி.டி. ஸ்கேன் அறையை உள்ளே தாழிட்டுவிட்டுத் திரும்பினான் ஒல்லி. அது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். தொப்பை பெல்ட்டைத் தாண்டிய பிறகும், கூட வந்திருந்த பள்ளி நண்பன் கடைக்காரன் அப்படித்தான் கூப்பிடுவான்.

ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளை. நோயாளிகள் படுக்கும் இடத்தில், உள்ளங்கை அளவு பாக்கெட் ஒன்று ராஜா மாதிரி படுத்திருந்தது. அவர்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது வந்த பபிள்கம் பாக்கெட். உள்ளே ஐந்து கால்பந்து வீரர்களின் அட்டைகள். கம்பெனியில் ஒட்டிய ஒட்டு இன்னும் பிரியவில்லை என்று சத்தியம் செய்து போன வாரம் விற்றவன், பழம்பொருள் கடை வைத்திருக்கும் இதே நண்பன்தான். அதற்காக ஒல்லி தன் பைக்கை விற்றிருந்தான். வீட்டில் மனைவி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பிரிச்சா மதிப்பு போயிடும்னு நீதானே சொன்ன? நான் பிரிக்கலையே. பிரிக்காமலே உள்ளே பார்க்கப் போறேன். இப்பல்லாம் சேகரிக்கிறவங்க இப்படியும் பார்க்கிறாங்க."

"எதுக்குடா பார்க்கணும்? மூடியிருக்கிற வரைக்கும்தான் அதுக்கு மவுசு. அப்படியே கண்ணாடிப் பெட்டியில வை. பேரன் காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"எனக்கு மவுசு வேணாம்டா. கோல்கீப்பர் வேணும்."

அந்தக் கதை கடைக்காரனுக்கும் தெரியும். டீமில் பத்துப் பேர் ஒல்லியின் ஆல்பத்தில் இருக்கிறார்கள். கோல்கீப்பர் இடம் மட்டும் காலி. ஒரு காலத்தில் அவரும் இருந்தார். ஆறாம் வகுப்பில் ஒல்லி ஒரு பக்கம் இழுக்க, கடைக்காரன் ஒரு பக்கம் இழுக்க, இடுப்போடு இரண்டாகக் கிழிந்துபோனார். ஒல்லி அழுதுகொண்டே ஸ்டேப்ளர் பின் இரண்டு அடித்துச் சேர்த்துவைத்தான். மறுவாரம் பையிலிருந்து அட்டையே காணாமல் போனது. அன்று பெஞ்சுக்கடியில் எல்லாம் தவழ்ந்து தேடியவன் கடைக்காரன்தான். ஒல்லியைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான். அந்த அழுகையில் பிறந்த சிநேகிதம் இன்றுவரை விட்டுப்போகவில்லை.

"இருந்தா சந்தோஷம், இல்லாட்டி போகட்டும். ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்" என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான் ஒல்லி.

"வேணாம்டா... பைக்கை வேணும்னா நானே மீட்டுத் தர்றேன்..."

ஏ.சி. அறையிலும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்காக எப்படிப் பதறுகிறான், பாவம் என்று ஒல்லிக்கு மனம் நெகிழ்ந்தது. பட்டனை அழுத்தினான்.

திரையில் அட்டைகள் ஒவ்வொன்றாக மங்கலாக வந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது வந்ததும் ஒல்லி திரையை நோக்கிக் குனிந்தான்.

சாம்பல் நிற அட்டையின் நடுவே, இடுப்பு உயரத்தில், பளீரென்று இரண்டு சின்ன வெள்ளைக் கோடுகள். உலோகம் மட்டும்தான் ஸ்கேனில் அப்படி மின்னும்.

மெல்லத் திரும்பினான். கடைக்காரன் அதற்குள் கதவுத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா..." ஒல்லி திரையைக் காட்டினான். "கம்பெனியிலேயே ஸ்டேப்ளர் பின் அடிச்சா அனுப்புவாங்க?"