ஒரு வரி மேலே

மாலை வெயில் மேசையின் பாதியை மட்டும் பிடித்திருக்கிறது. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படிக்கும் மகள், விடைத்தாளின் வட்டங்களை ஒவ்வொன்றாகக் கருப்பாக்குகிறாள். பேனா முனை மெல்லக் கீச்சிடுகிறது. துணி மடிக்கிற சாக்கில் கதவோரம் நின்று அம்மா பார்க்கிறாள். மாதிரி வினாத்தாள் இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது. பக்கத்தில் கைபேசி, குப்புற. கேள்வியே பார்க்காமல் விடை மட்டும் எங்கிருந்து வருகிறது? போன வருடமும் ‘சூப்பரா எழுதியிருக்கேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் மண்ணைக் கவ்வினாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் சிரித்தாலும் சந்தேகம், தும்மினாலும் சந்தேகம்.

“யாருடி அனுப்பினா இந்த விடையெல்லாம்?”

மகள் நிமிரவில்லை. பேனா ஒரு வரிசையில் தயங்கி, அதைத் தொடாமல் அடுத்ததற்குத் தாவுகிறது.

“விடை இல்லம்மா. வட்டத்த விட்டுட்டுப் போகப் பழகுறேன். போன தடவை தெரியாத கேள்வியை விட்டேன், அதோட வட்டத்த விடல. அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் ஒரு வரி மேல ஏறிடுச்சு.”

“இத ஏன்டி அப்பவே சொல்லல?”

“சொன்னேன். சாக்கு சொல்லாதன்னு சொன்ன.”

அம்மாவின் கையில் இருப்பது ஏற்கெனவே மடித்த துண்டு.