இறங்காத ஆள்

மிக்கேலின் கட்டுமரத்தில் ஒரு பக்கமரம் உளுத்துப்போச்சு. கடலில் மிதந்து வந்த ஒரு மரத்தை அவன் இழுத்துவந்து, செதுக்கி, அந்த இடத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினான். நடுமரத்துக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

“ஏலே, நீ எந்த ஊரு மரம்?”

“மறந்துபோச்சுண்ணே. கட்டு அவிழ்ந்து ரொம்ப காலமாச்சு.”

“உன்னை ஓட்டுன ஆளு எங்க?”

“மேலதான் உக்காந்திருக்காரு. இன்னும் இறங்கல.”

உப்பு ஏறி மண்டை குழம்பின கேஸ் என்று நடுமரம் சிரித்தது.

மறுநாள் கடலுக்குள் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏறியது மிக்கேல் ஒருத்தன்தான். மரமோ ரெண்டு ஆள் பாரத்துக்கு அமிழ்ந்தது. அவன் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டான். கட்டுமரம் ஆழத்தைப் பார்த்துப் போனது.

“மாதாவே, என்ன இது?” என்றான்.

“அவரை இறங்கச் சொல்லுலே! என் ஆளைக் கொல்லப் பாக்காரு” என்றது நடுமரம்.

“நானும் சொல்லிப் பாத்துட்டேண்ணே. கேக்க மாட்டேங்காரு.”

இனிப் பேசிப் பிரயோசனமில்லை. மிக்கேலைக் காப்பாற்ற நடுமரத்துக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கமரத்தைக் கட்டியிருந்த கயிற்றைத் தன் விளிம்பில் வைத்து, அலைக்கு அலை தேய்த்தது. கயிறு அறுந்தது. பக்கமரம் விலகி, தேங்காய் நெற்று மாதிரி லேசாக மிதந்து போனது.

நடுமரம் மூச்சு விட்டது. ஆனால் பாரம் குறையவில்லை. கட்டுமரம் இன்னும் ஆழத்தைப் பார்த்துத்தான் போனது.

தூரத்திலிருந்து பக்கமரம் சந்தோஷமாகக் கத்தியது: “கோவிச்சுக்காதீங்கண்ணே! கயிறு அறுந்தப்போ அவரு உங்க மேல நகந்து உக்காந்துட்டாரு.”