பூட்டு உடைந்த சத்தம்

“மச்சான், பூட்டு உடைஞ்சுதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.”

மொன்செஃப் வாசற்படியிலேயே நின்று கேட்டார். ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கொல்லர் தெருவில் இருக்கும் லமீனின் கணினிப் பழுதுக்கடைக்கு இன்றுதான் அவர் முதல்முறையாக வருகிறார். லினக்ஸ்காரன் கடைப்படியை விண்டோஸ்காரன் மிதிப்பதில்லை என்று இருபது வருடச் சபதம். தெரு முழுக்கச் சம்மட்டிகள் டங் டங்கென்று விழுந்துகொண்டிருந்தன.

“ஒரே வார்த்தையா?” லமீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “தொண்டைத்தண்ணி வத்த வத்த நான் சொன்னப்போ கேட்டியா, மாப்ள? பாட்டைக் கணினியில ஏத்தறப்போ ஒரு கட்டத்துல டிக் போட்டியே, ‘பிறர் நகலெடுக்காமல் பாதுகாக்கவும்’னு! உன் வீட்டுப் பாட்டைத் திருட எவன் வரப்போறான்?”

“நான் ஜவுளிக்கடைக்காரன். பூட்டுன்னு ஒண்ணைக் கண்ணுல பார்த்தா, போட்டுட்டுத்தான் மறுவேலை.”

“போட்டே. சாவி அந்தக் கணினியோட வயித்துக்குள்ள. அது புகைஞ்சு போச்சு. வேற எந்தப் பெட்டியில போட்டாலும் ‘உனக்கு உரிமை இல்லை’ங்குது. உன் பொண்டாட்டி பாட்டைக் கேக்க உனக்கே உரிமை இல்லை! இதுக்குத்தான்யா திறந்த மென்பொருள், திறந்த மென்பொருள்னு அடிச்சுக்கிட்டேன்.”

புகைந்த கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் மொன்செஃபுக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. மனைவி தலந்தா, மகள் இனெஸுக்கு ஏழு வயதானபோது வீட்டில் பாடிப் பதிந்த மருதாணிப் பாட்டு. “இது ஒத்திகைதான். இவ மருதாணி அன்னிக்கு நேர்லயே பாடுவேன்” என்று சொல்லியிருந்தாள். அவள் போய் ஒன்பது வருடமாகிவிட்டது. இன்று சாயங்காலம் இனெஸுக்குக் கல்யாண மருதாணி. “அம்மா பாட்டு இல்லாம கையை நீட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்ட பெண், மூன்று நாளைக்கு முன் டிஸ்க்கைக் கைக்குட்டையில் முடிந்து தானே மாமாவிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

தலந்தா, லமீனின் ஒரே தங்கை.

அவள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் கையால் மீன் குஸ்குஸ் சாப்பாடு, கூடவே சண்டை. அப்போதெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு பாட்டு இறங்க ஒரு மத்தியானம் ஆகும். நடுவில் யாராவது அத்தை போன் செய்தால் பாதிப் பாட்டோடு போயிற்று. அது விண்டோஸின் குற்றமா, இல்லையா என்று இருவரும் இரவுவரை கத்துவார்கள். உறவுக்காரப் பையன் ஒருவனின் சுன்னத்து விருந்தில் பாதாம் மிட்டாயோடு ஆளுக்கொரு லினக்ஸ் குறுந்தகடு கொடுத்தவர் லமீன். “இனிமே கணினின்னு யாராவது வாயைத் திறந்தா மீனை எடுத்துட்டுப் போயிடுவேன்” என்பாள் தலந்தா. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் போனதும், சண்டையும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றுபோயின.

“பாட்டு பாடும்” என்றார் லமீன். “ஆனா ஒரு நிபந்தனை. வாசப்படியில நின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி மூணு தடவை சொல்லணும். ‘லமீன் சொன்னதுதான் சரி, நான் ஒரு கழுதை.’”

“கழுதையை எடுத்துடு.”

“எடுத்துட்டேன். மூணு தடவை.”

“ஒரு தடவை. கடைக்குள்ள.”

“ரெண்டு. வாசப்படியில.”

“ஒரு தடவை. வாசப்படியில. மெதுவா.”

“சத்தமா.”

“அப்ப வேண்டாம் போ!” மொன்செஃப் திரும்பித் தெருவில் விடுவிடுவென்று நடந்தார். மூன்றாவது அடிக்குள் பின்னாலிருந்து கூப்பிடவில்லை என்றால் அதற்குமேல் விலை இறங்காது என்பது, நாற்பது வருடம் துணி விற்றவருக்குத் தெரியாதா? நான்காவது அடியில் நின்றார். திரும்பி வந்து படியில் ஏறினார்.

“லமீன் சொன்னதுதான் சரி!”

இரண்டு சம்மட்டிகள் நின்றன. எதிர்க்கடையில் யாரோ சிரித்தார்கள்.

லமீன் ஒரு விசையைத் தட்டினார். கடைக்குள் தலந்தா பாடினாள்.

மொன்செஃப் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டு பாதி போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதைத் தீட்டினார். “பின்னாடி ஏதோ டங் டங்குனு கேக்குதே, மச்சான்? தெருச் சத்தமா?”

லமீன் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். “பூட்டு உடைஞ்ச சத்தம், மாப்ள. உடைச்சா சத்தம் வராதா?”

மொன்செஃபுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பாட்டை ஏற்றிய பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பினார். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. மீன் வாங்கி வைக்கிறேன். அந்தக் குஸ்குஸைக் கெடுக்கறதுக்கு உன் லினக்ஸைப் பத்திப் பேசு.”

அவர் தலை மறைந்ததும் லமீன் மேசை இழுப்பறையைத் திறந்தார். டிஸ்க் உள்ளேயே இருந்தது, இனெஸ் போட்ட முடிச்சுகூட அவிழாமல்.

பென் டிரைவில் ஏற்றும்போது பாட்டின் முடிவிலிருந்து அவர் வெட்டி வைத்திருந்த துண்டை ஓடவிட்டார். அதே டங் டங் சத்தத்துக்கு நடுவே, இந்தக் கடையில், இதே முக்காலியில் இருபது வருடத்துக்கு முன் உட்கார்ந்திருந்த தங்கையின் குரல் கேட்டது.

“பதிஞ்சாச்சா அண்ணா? இது உன்கிட்டயே இருக்கட்டும். அவர் போட்ட பூட்டுல அவரே மாட்டிக்கிட்டு ஒருநாள் இந்தப் படியேறி வருவாரு. உடனே தூக்கிக் குடுத்துடாதே, நல்லா இழுத்துப் பேரம் பேசு. பேரம் பேசாம வாங்கின எதையும் அந்த மனுஷன் பத்திரமா வெச்சுக்க மாட்டாரு!”