உம்மணாமூஞ்சி மூவர்

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"ஆயிரத்து இருபத்திரண்டுலேர்ந்து பதிமூணு பதிமூணா குறைச்சுச் சொல்லுங்க," என்றார் நடுவில் இருந்த பேராசிரியர்.

எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனநோய்களின் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். இதே கணக்கைக் கேட்டு, இதே போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இருநூறு பேரை வியர்க்க வைத்து, அவர்கள் எச்சிலில் பதற்ற ஹார்மோனை அளந்தவள். அடுத்த கட்ட ஆராய்ச்சி வேலைக்கு நேர்காணல் என்று கூப்பிட்டுவிட்டு, அவளிடமே கைவரிசையா?

"சார், இது பதற்றச் சோதனை. இந்தப் பருப்பு என்கிட்ட வேகாது. உங்க முறைப்புகூடப் பரவாயில்ல, பக்கத்துல மேடம் கொட்டாவி விடறதுதான் ஓவர்." கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இது நிஜ நேர்காணல்மா. இந்தக் கணக்கு எல்லாரையும் கேக்கறதுதான். மேடத்துக்கு மூணு நாளா காய்ச்சல், உங்களுக்காகத்தான் வந்தாங்க. நீங்க போகலாம்."

காலை இறக்கினாள். உள்ளங்கை வியர்த்தது.

"சார்... மன்னிச்சிடுங்க சார்..."

பேராசிரியர் மேசை டிராயரிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். "இப்ப துப்புங்க. விஷயம் தெரிஞ்சவங்களை எப்படிப் பதற வைக்கறதுங்கறதுதான் எங்க ஆராய்ச்சி. நேர்காணல் நாளைக்கு. வாசல்ல ஒன்பது பக்கச் சம்மதப் படிவத்துல கையெழுத்து போட்டீங்களே, படிக்கலையா?"

படிக்கவில்லை. அவளுடைய இருநூறு பேரும் படித்ததில்லை.

குப்பியைப் பார்த்தாள். மூன்று முகங்களையும் பார்த்தாள். எங்கே துப்புவது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம்.